வினாகிரியா, சாம்பலா, சவர்க்காரமா? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணிக்கு ஒத்துவருவது எது?

நல்லூர்க் கொடி ஏறுவதற்கு முன் வீடு கழுவுவது எங்கள் வீட்டில் ஒரு தனித் திருவிழா. மக்கட்டு தட்டி, யன்னல் துடைத்து, நிலம் கழுவி, விளக்கு மினுக்கி முடிக்க ஒரு கிழமை போய்விடும். இந்த முறை நோர்வேயில் இருக்கும் அக்காவும் பிள்ளையுடன் வருவதாக இருந்தது. போனில் கட்டளை வந்தது: "கடையிலை விக்கிற மருந்து ஒண்டும் ஊத்தாதை, பிள்ளைக்கு அந்த மணம் ஒத்துவராது. நான் ஒரு முறை அனுப்பிறன், அதைச் செய். ஒரே போத்தல், வீடு முழுக்கப் போதும்."

முறை வந்தது. ஒரு லீற்றர் சுடுதண்ணி, துருவிய சவர்க்காரம் இரண்டு மேசைக்கரண்டி, வினாகிரி ஒரு கோப்பை, அப்பச்சோடா (பேக்கிங் சோடா) ஒரு மேசைக்கரண்டி, வாசத்துக்குத் தேசிக்காய். அக்கா வீட்டில் வருடக்கணக்காக இதுதானாம்.

கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்துச் சவர்க்காரத் துருவலைப் போட்டேன். நுரையைக் காணவில்லை. தண்ணி பால் நிறமாகி, மேலே வெள்ளைத் திட்டுகள் மிதந்தன. வினாகிரியை ஊற்றியதும் மிச்சம் இருந்ததும் திரைந்து கட்டிகட்டியாகப் பிரிந்தது. அப்பச்சோடா போட்டபோது ஒரு பொங்கல், ஒரு சீறல், அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மதிலுக்கு அங்கால் நின்ற மாமி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, பால் திரைஞ்சு போச்சோ?" என்று கேட்டார். அந்தத் தண்ணியில் யன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். துடைக்காமல் விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, எதை எங்கே பாவிக்கலாம், எதை விடலாம் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் ஊர் வீடுகளில் இதே கேள்வியோடு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தண்ணி. அக்கா பிழையாகச் சொல்லவில்லை. நோர்வேயில் குழாயில் வருவது பெரும்பாலும் ஏரித் தண்ணி, மென்மையானது. எங்களுடையது வேறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிப்பது, குளிப்பது, தோய்ப்பது எல்லாமே சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத் தண்ணிதான். காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை கட்டியதே இந்தக் கல்லை நம்பித்தான். மழை மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. தண்ணியைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிறது. கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைத் தட்டு அதுதான். குழாய் நுனியில், பாத்றூம் டைல்சில், சில்வர் தட்டில் காய்ந்த துளிகளின் வட்டத்தில் இருப்பதும் அதுதான்.

சவர்க்காரம் இந்தச் சுண்ணாம்பைச் சந்தித்தால் கரையாத ஒரு பசையாக மாறிவிடும். என் சட்டியில் மிதந்த திட்டு அந்தப் பசை. ஆகவே வெளியூர்ச் செய்முறை எதை வாசித்தாலும் அதில் சவர்க்காரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த முறையை எழுதியவரின் தண்ணி உங்கள் தண்ணியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, கடையில் ஒரு போத்தலை வாங்கினால் முடிந்ததே என்று கேட்கலாம். நானும் சில வேலைக்கு வாங்குகிறேன். ஆனால் இந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இதே கல்லின் பொந்துகளால் வந்தவைதான். வளவில் ஊற்றுவது களிமண் நிலத்தில்போல் மெதுவாக வடிகட்டப்பட்டு இறங்காது. விறுவிறென்று கீழே போய்விடும். கிணறு இருப்பதோ பத்து இருபது அடி தள்ளி. "இயற்கையானது" என்ற சொல்லில் எனக்குப் பெரிய பக்தி இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: இதை வாழையடியில் ஊற்றிவிட்டு நாளைக்கு அதே கிணற்றில் அள்ளிக் குடிக்க மனம் வருமா?

புளிப்புகள்

எங்கள் தண்ணிக்குச் சரியான எதிரி புளிப்பு. சுண்ணாம்பைக் கரைப்பது அமிலம். வினாகிரி, தேசிக்காய், பழப்புளி மூன்றும் அதைத்தான் செய்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

கடையில் இரண்டு வினாகிரி இருக்கும். ஒன்று தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுப்பது, லேசான நிறமும் மணமும் உள்ளது. அதை அச்சாறுக்கு வையுங்கள். மற்றது தண்ணிபோல் தெளிந்த செயற்கை வினாகிரி. துப்புரவுக்கு இதுதான் நல்லது: மலிவு, கறை விடாது, எத்தனை மாதம் வைத்தாலும் பழுதாகாது. இரண்டிலும் அசெற்றிக் அமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான். பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஸ்பிரே போத்தலில் ஊற்றினால் கண்ணாடிக்கும் டைல்சுக்கும் போதும். கலக்கும் தண்ணி கொதித்து ஆறி வடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது, துளைக்குள் சுண்ணாம்பு அடைக்காது.

பிடித்துப்போன கல்லுக்குத் தண்ணி கலக்க வேண்டாம். எங்கள் ஷவரின் பூவாளித் தலை பாதித் துளை அடைத்துக் கோணல்மாணலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கழற்றி ஒரு கோப்பையில் கவிழ்த்து வினாகிரியை ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் துளைகளின் வாயிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக ஏறின. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சோடாப் போத்தல் திறந்து வைத்ததுபோல் மெல்லிய இரைச்சல். ஒரு மணித்தியாலம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தட்டினால் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்து கோப்பை அடியில் மணலாக நின்றது. பொருத்தித் திறந்தபோது தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கொட்டியது. கழற்ற முடியாத குழாய்க்கு, துணியை வினாகிரியில் நனைத்துச் சுற்றி, மேலே ஒரு சொப்பிங் பையைக் கட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். கேத்தலுக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறும்வரை விட்டுக் கழுவி, இரண்டு முறை வெறும் தண்ணி கொதிக்கவைத்து ஊற்றினால் மணம் போய்விடும். இல்லாவிட்டால் முதல் தேத்தண்ணி அச்சாறு வாசம் அடிக்கும், எனக்கு அடித்தது.

தேசிக்காய்ச் சாறு வினாகிரிக்கு இளைத்ததல்ல. ஆனால் சாறு மூன்று நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், சக்கை ஸ்பிரேயை அடைக்கும், காய் விலையோ ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. துப்புரவுக்கென்று நல்ல காயைப் பிழிவது எனக்கு மனம் வராத காரியம். சொதிக்குப் பிழிந்த பிறகு மிஞ்சும் பாதிகளைச் சேர்த்து வையுங்கள். உப்புத் தொட்டுச் சிங்கையும் பலகையையும் தேய்க்க அதைவிட நல்லது இல்லை. மீன் வெட்டிய பலகைக்கு முக்கியமாக.

பழப்புளிக்கு ஒரே வேலை, ஆனால் அதில் அதற்கு நிகரில்லை: பித்தளை, செம்பு. குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் பூசிக் கொஞ்சம் விட்டுத் தேய்த்தால் கறுப்பு கழன்று பொன் நிறம் வரும். பசைபோல் ஒட்டி நிற்பதால் விளக்கின் வளைவுகளில் வழியாது. வினாகிரி வழிந்து ஓடிவிடும். மினுக்கிய உடனே நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் அடுத்த நாளே பச்சை பிடிக்கும்.

இனி என் முட்டாள்தனம். எங்கள் முன் விறாந்தை அம்மம்மா காலத்துச் சிவப்புச் சீமெந்து. பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் வைத்திருந்தது. அதில் ஒரு தேத்தண்ணிக் கறை. ஷவரில் கண்ட வெற்றியின் திமிரில் ஒரு தேசிக்காய்ப் பாதியைக் கறையின் மேல் கவிழ்த்துவைத்துவிட்டுப் போன் கதைக்கப் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது கறை போயிருந்தது. மினுக்கமும் போயிருந்தது. பேணி மூடி அளவில் ஒரு வட்டம், விரலால் தடவினால் சொரசொரப்பாக, நிறம் வெளிறி. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. குழாயில் பிடித்த வெள்ளையும் சுண்ணாம்புச் சேர்வை, சீமெந்தின் உடம்பும் சுண்ணாம்புச் சேர்வை. அமிலத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. சீமெந்து நிலம், மொசைக், உண்மையான மாபிள் எதிலும் புளிப்புப் படக்கூடாது. எங்கள் ஊரில் பலர் பீங்கான் டைல்சையும் "மாபிள்" என்றுதான் சொல்வார்கள். அந்த மாபிள் வினாகிரிக்கு அஞ்சாது, ஆனால் டைல்சுக்கு இடையில் பூசிய சீமெந்துக் கோடு அஞ்சும். ஆகவே துடைத்த பின் ஊறவிடாமல் தண்ணி ஊற்றிக் கழுவிவிடுங்கள். திருவலை அலகு, அரிவாள், இரும்புத் தாச்சி எல்லாம் புளிப்பில் கறள் பிடிக்கும்.

சோடாக்கள்

எண்ணெய்க்கு வினாகிரி உதவாது. அடுப்புக்குப் பின் சுவரில் தாளித்த எண்ணெயும் மிளகாய்த்தூளும் சேர்ந்து ஒரு பிசுக்கு இருக்குமே, அதன் மேல் வினாகிரி அடித்தால் அது இடம் மாறும், போகாது. அங்கே வேண்டியது புளிப்புக்கு எதிர்க்கட்சியான காரம்.

அப்பச்சோடா மிக மென்மையான காரம். தூளாகத் தூவி ஈரத் துணியால் தேய்த்தால் கீறாமல் ஊத்தையை எடுக்கும். பிரிட்ஜுக்குள் மணம் எடுக்கவும், தேத்தண்ணிக் கோப்பையின் உள்கறைக்கும் நல்லது. தண்ணியில் கரைத்து ஸ்பிரே பண்ணினால் பெரிய பயன் இல்லை.

வலுவானது சலவைச் சோடா. கடையில் கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவிலிருந்தே செய்யலாம், எனக்கு இது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. இரும்புத் தாச்சியில் அப்பச்சோடாவைப் போட்டு மிதமான தீயில் வறுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம். நீராவியும் கரியமில வாயுவும் கிளம்புவதால் தூள் தண்ணி கொதிப்பதுபோல் தானாகக் கொந்தளிக்கும். பிறகு அடங்கி, மாவு போன்ற வழவழப்புப் போய் மங்கலாகும். நூறு கிராம் போட்டால் அறுபத்து மூன்று கிராம் அளவில் மிஞ்சும், குறைந்தது ஆவியாகப் போனது. தூள் மூக்குக்குள் போகாமல் பாருங்கள், கையுறை போடுங்கள், தோலை வறட்டும்.

இதில் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணியில் போட்டால் தண்ணி கலங்கும். பயப்பட வேண்டாம், கலங்குவது தண்ணிக்குள் ஒளிந்திருந்த சுண்ணாம்பு. ஒரு இரவு விட்டால் அது அடியில் மாவாகப் படியும், மேலே நிற்பது மென்மையான தண்ணி. தெளிவை மட்டும் இறுத்து எடுத்தால் அதில் சவர்க்காரம் கூட நுரைக்கும். இதைக் கண்ணால் கண்டபோதுதான் அக்காவின் செய்முறையில் எனக்கு இருந்த கோபம் தணிந்தது. சலவைச் சோடா அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், வார்னிஷ் அடித்த மரத்தைக் கெடுக்கும். மற்றபடி அடுப்புச் சுவருக்கும், எண்ணெய்ப் போத்தலுக்கும், வெளிக்காற்றாடி இறகுக்கும் இதுதான்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாச் செய்முறையிலும் அது இருக்கிறது. பொங்குவது பார்க்க வடிவுதான். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது உப்புத் தண்ணி மாதிரி ஒன்று. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிடும். கணக்கும் எளிது: ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா எழுபது மில்லிலீற்றர் வினாகிரியைச் செத்ததாக்கும். அடைத்த குழாயில் பொங்கவைத்தால் குமிழி கொஞ்சம் தள்ளிவிடும் என்பது உண்மை. போத்தலில் கலந்து மூடினால் போத்தல் வெடிக்கும் என்பதும் உண்மை.

சவர்க்காரமும் பனம்பழமும்

சவர்க்காரக் கட்டியைத் துருவிக் கிணற்றுத் தண்ணியில் கரைப்பது எங்கள் பக்கத்தில் வீண். மழைத் தண்ணியில் செய்தால் கதை வேறு. மாரியில் முதல் மழை கூரையைக் கழுவட்டும். இரண்டாம் மூன்றாம் மழையை வாளிகளில் பிடித்து, ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டித் துருவல் போட்டுச் சூடாக்கினால் நல்ல வழுவழுத்த தண்ணி வரும். நிலத்துக்கும் கதவுக்கும் அருமை. மாரி போனதும் அதுவும் போய்விடும்.

மழைத் தண்ணி இல்லாத மாதங்களில் நான் கோப்பை கழுவும் திரவத்தைத்தான் பாவிக்கிறேன், ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. அது சவர்க்காரம் அல்ல, செயற்கை. சுண்ணாம்போடு திரையாது, வினாகிரியோடும் திரையாது. அக்கா கேட்டால் ஏசுவார். ஆனால் ஒரு தேக்கரண்டியால் என் கிணறு கெடாது என்பது என் கணிப்பு.

இதில் ஒரு பழங்கதை இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சவர்க்காரம் குதிரைக்கொம்பு. சனங்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். அம்மா இன்றைக்கும் சொல்லுவா: "கொடியிலை காயப்போட்டால் மாடு வந்து சட்டையைச் சப்பும்." சிரிப்பாகச் சொன்னாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பனங்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற பொருட்கள். அவை சப்போனின் வகை, தண்ணியில் நுரைப்பவை. சவர்க்காரம் போலச் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகாதவை. அம்மாக்கள் யாரும் வேதியியல் படித்துவிட்டுப் பனையடிக்குப் போகவில்லை. கையில் இருந்தது அதுதான், எங்கள் தண்ணிக்கு ஒத்துவந்ததும் அதுவாக இருந்தது.

இப்போது வீடு துடைக்கப் பனம்பழம் பாவிக்கலாமா? ஆவலில் ஒரு முறை செய்தேன். நாரை வடித்தெடுக்க அரை நாள், சுவரில் மஞ்சள் தீற்று, அன்று பின்னேரமே எறும்பு ஊர்வலம். களியைப் பனங்காய்ப் பணியாரத்துக்கு விட்டுவிடுவோம்.

சாம்பல்

விறகடுப்பு இருக்கும் வீடுகளில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாத வேலைகள் உண்டு. ஊமலும் பன மட்டையும் சிரட்டையும் எரிந்த சாம்பலை அரித்து எடுத்தால் மாவுபோல் வரும். அதில் பொட்டாசியம் காபனேற்று என்ற காரம் இருப்பதால் எண்ணெயை எடுக்கும், துகளாக இருப்பதால் கரியையும் எடுக்கும். பொச்சில் ஈரச் சாம்பலைத் தொட்டுச் சில்வர் சட்டியின் அடியைத் தேய்த்துப் பாருங்கள். மீன்சட்டியின் வெடுக்கு மணமும் போகும். அரிக்காத சாம்பலில் கரித்துண்டு இருந்தால் கீறும். நொன்ஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. சாம்பலை ஊறவைத்து வடித்த தெளிவு கையில் வழுக்கும், வலுவான காரம் அது. அதை ஸ்பிரே போத்தலில் ஊற்றுவது புத்தியான வேலை இல்லை, கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

காஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்காரர் சாம்பலுக்காக விறகு எரிக்க வேண்டியதில்லை. அப்பச்சோடாவும் பொச்சும் முக்கால்வாசி வேலையைச் செய்யும்.

பழத்தோல் புளித்தண்ணி

சீனி ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணி பத்துப் பங்கு, மூன்று மாதம் புளிக்கவிடுவது. "என்சைம்" என்று இதற்கு இப்போது பெரிய பேர். நானும் ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலில் தோடம்பழத் தோலும் அன்னாசித் தோலும் போட்டுப் படிக்குக் கீழே வைத்தேன். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். இரண்டு நாள் கொழும்புக்குப் போய்வந்தபோது போத்தல் உப்பிப் பந்துபோல் நின்றது. மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது பழவாசமுள்ள, மங்கலான, ஐதான வினாகிரி மாதிரி ஒன்று. சுண்ணாம்பைக் கரைத்தது, கடை வினாகிரியை விட மெதுவாக. சீனி விற்கிற விலைக்கு அது எனக்குக் கட்டாது. தோல் வீணாகிறதே என்றால் தெளிந்த வினாகிரிக்குள் தோடந்தோலையோ தேசித்தோலையோ இரண்டு கிழமை ஊறவைத்து வடியுங்கள். அந்த வினாகிரி நெடியும் குறையும், வேலையும் குறையாது.

வேப்பிலை அவித்த தண்ணி, மஞ்சள் தண்ணி இரண்டும் வாசலுக்கு மங்களம். ஊத்தை எடுக்க அல்ல. மஞ்சள் வெள்ளைச் சுவரில் பட்டால் உங்கள் பாடு.

கிருமி

மேலே சொன்ன எதுவும் கிருமிநாசினி அல்ல. ஊத்தையைத் தண்ணியோடு தேய்த்துக் கழுவினால் கிருமியில் பெரும்பகுதி அதோடு போகும், அன்றாட வீட்டுக்கு அது போதும். வயிற்றோட்டம், வாந்தி, வீட்டில் நோயாளி என்றால் முதலில் கழுவிவிட்டுப் பிறகு பிளீச். ஐந்து வீதப் பிளீச் இருபது மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணியில் கலந்து, துடைத்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாரிக்குப் பிறகு கிணற்றுக்குப் போட என்று பல வீடுகளில் குளோரின் தூள் இருக்கும். அதனோடும் பிளீச்சோடும் வினாகிரி, தேசிக்காய், மலசலகூடம் கழுவும் அசிற் எதுவும் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு பூட்டிய சின்ன பாத்றூமில் அது ஆளை விழுத்தும். ஒன்றைப் பாவித்தால் நிறையத் தண்ணி ஊற்றிக் கழுவி, மற்றதை அடுத்த நாளைக்கு வையுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு

டைல்ஸ் போட்ட புது வீடு, காஸ் அடுப்பு, ஷவர், கண்ணாடி யன்னல் என்றால் வினாகிரிப் போத்தல்தான் உங்கள் முதல் ஆள். அடுப்படிக்குச் சலவைச் சோடாத் தெளிவு ஒரு போத்தல். இரண்டும் தனித்தனி. பழைய சிவப்புச் சீமெந்து அல்லது மொசைக் வீடு என்றால் நிலத்துக்கு மழைத் தண்ணிச் சவர்க்காரம், அல்லது வாளித் தண்ணியில் சில துளி கோப்பைத் திரவம். வினாகிரி பாத்றூம் வாசலைத் தாண்டக் கூடாது. மினுக்கத்துக்கு அம்மம்மாவின் தேங்காய் மட்டை இன்றைக்கும் வேலை செய்யும்.

தீவுப்பக்கம், சவர்த் தண்ணி வரும் இடங்களில் கண்ணாடியிலும் குழாயிலும் சுண்ணாம்போடு உப்பும் படியும். உப்பு வெறும் தண்ணியிலேயே கரையும். ஆகவே முதலில் நல்ல தண்ணியால் துடைத்துவிட்டு, போகாமல் நிற்பதற்கு மட்டும் வினாகிரியை எடுங்கள். செலவு பாதியாகும். குழாயைப் பாவித்த கையோடு துணியால் ஈரம் எடுத்துவிட்டால் அதுவும் தேவைப்படாது. சொல்ல எளிது, எங்கள் வீட்டில் ஒருவரும் செய்வதில்லை.

எங்கள் வீட்டில் கடைசியில் தங்கியது இரண்டு போத்தலும் ஒரு பேணியும். பச்சை மூடி புளிப்பு, நீல மூடி காரம், பேணியில் அரித்த சாம்பல். போத்தலில் பெரிய எழுத்தில் "குழாய், கண்ணாடி, டைல்ஸ்", "அடுப்புச் சுவர், எண்ணெய்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். தேசித்தோல் மிதந்த பச்சை மூடிப் போத்தலை அப்பா ஒரு நாள் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார், தேசிக்காய்த் தண்ணி என்று நினைத்து. அதன் பிறகு "குடிக்கக் கூடாது" என்பதும் சிவப்பில் சேர்ந்தது.

அக்கா வந்த அன்று பையை வைத்த கையோடு போத்தல்களைத் தூக்கிப் பார்த்தார். "ஏன் ரெண்டு? நான் ஒண்டெல்லோ சொன்னனான்." நான் குசினிக்குக் கூட்டிப்போய், மினுக்கி ஒரு கிழமை ஆன கேத்தலைத் திறந்து காட்டினேன். அடியில் மறுபடியும் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது.